லயம் விழாத படங்கள்

அக்கரப்பத்தனை பஜாரில் என் போட்டோ கொப்பிக் கடைக்கும் பிரதாப்பின் ஸ்டூடியோவுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவன் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் என் மேசையில் தாள் பறக்கும். அதனால் அவனைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு உரிமை உண்டு. இப்போது பஜாரில் ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். தேயிலைத் தோட்டத்து ஜனங்களின் வயிற்றில் அடித்துவிட்டானாம். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் வீட்டுச் சுவரில் அவன் எடுத்த படம்தான் தொங்குகிறது. அதையும் சேர்த்துச் சொன்னால் நானும் கேட்டுக்கொள்வேன்.

அவன் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பிரதாப் முப்பதைத் தாண்டியவன். மெலிந்த உடம்பு. எந்தக் குளிரிலும் இஸ்திரி போட்ட சேர்ட்தான். மேலே ஜெர்சி போட்டால் சேர்ட்டின் கொலர் தெரியாமல் போய்விடும் என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், "ஹட்டன்" என்பான். ஹட்டனில் எந்த இடம் என்று கேட்டால், "டவுன்தாங்க" என்று பேச்சை மாற்றிவிடுவான். எனக்கு உண்மை தெரியும். அவனுடைய சித்தப்பா ஒருவர் ஒருநாள் டயகமயிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, என் கடை வாசலில் நின்று, "எங்க லயத்துப் பையன் ஒருத்தன் படம் புடிக்கிற கட வச்சுருக்கானாமே, எதுங்க அது?" என்று கேட்டார். நான் கையைக் காட்டினேன். சித்தப்பா உள்ளே போனதும் பிரதாப் ஸ்டூடியோவின் முன்கதவைச் சாத்தினான். வாடிக்கையாளர் வந்து தட்டியும் சித்தப்பா போகும்வரை திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அவன்மேல் வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. பிறகு யோசித்துப் பார்த்தேன். என் கடைக்கு வருகிறவர்களிடம் நான் மட்டும் எங்கே பிறந்தேன் என்று சொல்லியிருக்கிறேனா என்ன!

படம் பிடிக்க வருகிற எல்லோரும் அவனிடம் கேட்பது ஒன்றைத்தான். "தம்பி, லயம் விழாம எடுங்க." கல்யாணமோ, பெண் சடங்கானதோ, பிள்ளைக்கு முதல் பிறந்தநாளோ, முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் தேதி சொல்வார்கள். அந்தப் படம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும், கொழும்பில் வேலை செய்கிற பிள்ளையின் போனுக்குப் போகவேண்டும், அங்கிருந்து பேஸ்புக்குக்குப் போகவேண்டும். அதில் லயத்து வரிசைவீடுகளின் கறுத்த தகரக் கூரையும் சாக்கு தொங்கும் வாசலும் விழுந்தால் யாருக்குத்தான் மனசு வரும்? முன்பெல்லாம் கட்டில் விரிப்பைக் கட்டி மறைப்பார்கள். காற்று அடித்தால் விரிப்பு பறந்து, மணப்பெண்ணின் தலைக்கு மேல் புகைபோக்கி எட்டிப் பார்க்கும். சிலர் ஆஸ்பத்திரி கோட்டர்ஸ் சுவருக்கு முன்னால் போய் நின்று எடுப்பார்கள். தோட்டத்தில் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா நல்ல மனிதராக இருந்தால் அவர் வீட்டுப் பூந்தோட்டம் கிடைக்கும். மழை வந்தால் அதுவும் இல்லை.

பிரதாப்பிடம் அப்போது இருந்தது கமராவின் தலையில் குந்திக்கொண்டிருக்கும் சாதாரண பிளாஷ். அது நேராக மூஞ்சியில் அடிக்கும். மூஞ்சி மா பூசியதுபோல் வெளுக்கும், பின்னால் சுவரில் ஒரு கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்ளும். இணையத்தில் படம் எடுக்கச் சொல்லிக் கொடுக்கிற வெள்ளைக்காரர்கள் பிளாஷின் தலையைத் திருப்பிக் கூரையைப் பார்த்து அடி, வெளிச்சம் மெதுவாக இறங்கும் என்பார்கள். அவர்கள் வீட்டுக் கூரை வெள்ளை. லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், மேலே புகை படிந்த தகரம்தான். அடித்த வெளிச்சத்தையெல்லாம் அது குடித்துவிடும். வெளியே எடுத்தாலோ இன்னும் மோசம். நம் ஊர் மூடுபனியில் கமராவின் தலையிலிருந்து பிளாஷ் அடித்தால் பனிதான் வெளுத்துத் தெரியும், ஆள் தெரியாது. ஒரு சடங்கு வீட்டில் அப்படி எடுத்துவிட்டு வந்து, "அண்ணே, புள்ளையக் காணோம், பூரா பாலா இருக்கு" என்று என்னிடம் காட்டினான். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

கமராவிலிருந்து கழற்றித் தூரத்தில் நிறுத்தி, வயர் இல்லாமல் அடிக்கிற பிளாஷ் ஒன்று வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் பித்துப் பிடித்தது.

முதலில் கையில் கிடைத்ததை வாங்கினான். அது இன்னொரு பிளாஷின் வெளிச்சத்தைக் கண்டால் தானும் அடிக்கிற வகை. சும்மா சொல்லக்கூடாது, ஸ்டூடியோவுக்குள் அழகாக வேலை செய்தது. ஆனால் அதற்கு அவன் வெளிச்சம், அடுத்தவன் வெளிச்சம் என்ற பேதமே கிடையாது. ஒரு கல்யாணத்தில் மாமன், மச்சான் என்று கமரா வைத்திருந்த அத்தனை பேரும் ஆசை தீர எடுத்தார்கள். ஒவ்வொருவர் பிளாஷுக்கும் இவனுடையது மூலையிலிருந்து கூடவே அடித்து, தாலி கட்டுகிற நேரத்தில் பெற்றரி செத்துப்போனது. வெயிலில் அதுவும் இல்லை. சூரியன் இருந்தால் அதற்குக் கண் தெரியாது; நாலு தரம் அமுக்கினால் ஒரு தரம் அடிக்கும். அடிக்காத படங்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் மங்கலாகவும், பின்னால் லயம் பளிச்சென்றும் இருக்கும். அவற்றை அந்த இடத்திலேயே அழித்துவிடுவான். கெட்டுப்போன படத்தைப் பார்த்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார் என்பது அவனுடைய கொள்கை.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் தேடினான். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் யாராவது ஒரு வெள்ளைக்காரன் ஆங்கிலத்தில் பிளாஷைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பான். நடுநடுவே பிரதாப் எனக்கு விளக்கம் சொல்வான்.

"அண்ணே, ரேடியோவுல பேசுற பிளாஷு ஒண்ணு இருக்கு. சுவத்துக்கு அங்கிட்டு வச்சாக்கூட அடிக்குமாம். வெளிச்சத்தப் பாக்கத் தேவையில்ல."

"அடிச்சுட்டுப் போகட்டும்ப்பா."

"வெயிலுல அடிக்கணும்ண்ணே. அதுதான் விசயம். குளிருல பெற்றரியும் நிக்கணும்."

கடைசியில் ஹட்டனில் ஒரு கடையில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கடைக்காரர் மேசைமேல் வரிசையாக வைத்து, இது எவ்வளவு தூரம் அடிக்கும், இதன் திரை எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிரதாப் எதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நடுப்பகல் வெயிலில் ரோட்டோரம் போனான். என்னை நிற்கவைத்தான். பிளாஷை என் கையெட்டும் தூரத்தில் தண்டில் மாட்டி, எனக்குப் பின்னால் நின்ற பஸ்ஸையும் கடைவரிசையையும் சேர்த்து எடுத்தான். எடுத்துவிட்டு என் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸைத்தான் பார்த்தான். முதல் பிளாஷில் பஸ் தெரிந்தது. அடுத்ததில் மங்கியது. கடைசியாக எடுத்த ஒன்றில் என் மூஞ்சி பட்டுப்போல் ஒளிர, பின்னால் பஸ்ஸும் இல்லை, ஹட்டனும் இல்லை. பட்டப்பகலில் கும்மிருட்டு.

"இதுதாண்ணே," என்றான். ஒரு சாமானைப் பார்த்து அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டதை அதற்குமுன் நான் கண்டதில்லை.

அந்தப் பிளாஷோடு அவன் போன முதல் கல்யாணம் அம்மாக்கண்ணுவின் மகள் பிரியந்தியுடையது. அம்மாக்கண்ணு மேல் டிவிசனில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் இல்லை. மகன் நிரஞ்சனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்தபோது ஒரே காம்பராவில் எல்லோரும் படுக்க முடியவில்லை. அவர்களுடையது லயத்தின் கடைசிக் காம்பரா. அதையொட்டி வெளிப்பக்கமாகப் பலகையும் தகரமும் வைத்து நிரஞ்சன் தனியாக ஓர் அறை இறக்கினான். அதற்குத் தனிக் கதவு, தனி அடுப்பு. கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்து, மருமகள் வாசலில் கோலமும் போடுவாள். தோட்டத்துப் பதிவில் அப்படி ஓர் அறையே கிடையாது. ஆனால் அம்மாக்கண்ணு அதை அறை என்று சொல்லமாட்டாள். "நிரஞ்சன் வீடு" என்பாள்.

கல்யாணத்தன்று மழை மிரட்டியதால் கண்டாக்கையா வீட்டுப் பூந்தோட்டம் கிடைக்கவில்லை. நீலக் கதவுக்கு முன்னாலேயே எடுக்கவேண்டியதாயிற்று. அம்மாக்கண்ணு கையைப் பிசைந்துகொண்டு வந்து, "தம்பி, மாப்ள வீட்டாளுங்க கினிகத்தேனை டவுனுல இருக்கவங்க. லயம் விழாம எடுத்துருவீங்களா?" என்று கேட்டாளாம்.

"எடுத்துட்டு வந்து காட்டுறேன், நீங்களே பாருங்கம்மா," என்றிருக்கிறான்.

எடுத்தான். நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், அது மலையில் யாரும் அதுவரை எடுக்காத படம். பிரியந்தியின் மூக்குத்தியில் ஒரு துளி வெளிச்சம், பட்டுச்சேலையின் கரை ஒவ்வொரு இழையாகத் தெரிகிறது, பின்னால் ஆழமான கறுப்பு. அவள் எங்கோ ஓர் அரண்மனையில் நிற்பதாகச் சொன்னாலும் நம்பலாம். அன்றைக்கு எடுத்ததில் ஒரே ஒரு படம்தான் கெட்டுப்போனது. பெற்றரி மாற்றி முடிக்குமுன், கமரா ஓட்டோமெட்டிக்கில் இருந்ததைக் கவனிக்காமல் அவசரத்தில் அமுக்கியதில் பிளாஷ் அடிக்கவில்லை. அதில் நீலக் கதவு, கதவோரம் குடம், அடுப்புப் புகை, எல்லாமே விழுந்திருந்தது. அதை அப்போதே அழித்துவிட்டான். கினிகத்தேனை சம்பந்திகள் ஆல்பத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பிரதாப் அந்தப் படத்தைப் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டு ஸ்டூடியோவின் முன்கண்ணாடியில் வைத்தான். அதைப் பார்த்து ஜனம் வந்தது. அதே லயத்திலிருந்தே எத்தனை குடும்பம்! எல்லோருக்கும் பகலை இருட்டாக்கிக் கொடுத்தான். அந்தப் பிளாஷ் அதற்குப்பிறகு ஒரு தரம்கூட அடிக்காமல் விட்டதில்லை.

பிறகு அந்தப் பெருமழை வந்தது. மலை இளகுவதைக் கண்டு முதல்நாளே ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றியிருந்ததால் உயிர் எதுவும் போகவில்லை. விடிந்து பார்த்தால் லயத்தின் ஒரு முனையை மண் வாரிக்கொண்டு போயிருந்தது. அம்மாக்கண்ணுவின் காம்பராவும் பக்கத்துக் காம்பராக்களும் பாதிக்கு மேல் போய்விட்டன. நிரஞ்சன் வீடு இருந்த இடத்தில் இடமே இல்லை, நேரே பள்ளம். ஆல்பமும் அதோடு போனது.

வீடு போனவர்களுக்குக் காணித்துண்டும் வீடும் தருவதாகப் பேச்சு வந்தது. விசாரித்து எழுத ஓர் உத்தியோகத்தர் வருவதாகவும் சொன்னார்கள். பதிவின்படி ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். இல்லை, நாங்கள் தனி அறையில் தனி அடுப்பு வைத்திருந்த குடும்பம் என்றால் அதற்கு ஆதாரம் காட்டவேண்டும், வாய்ச்சொல் போதாது. ஒரு படமாக இருந்தாலும் போதும். ஆதாரம் இல்லாவிட்டால் அம்மாக்கண்ணுவும் நிரஞ்சனின் குடும்பமும் சேர்த்து ஒரே குடும்பம்தான், ஒரே வீடுதான். மறுபடியும் ஒரே கூரையின்கீழ் எல்லோரும் முட்டிக்கொண்டு கிடக்கவேண்டும். நிரஞ்சன் பலகை பலகையாகச் சேர்த்துப் பிரிந்து வந்ததற்கெல்லாம் அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

அம்மாக்கண்ணு பள்ளிக்கூடத்திலிருந்து நேரே ஸ்டூடியோவுக்கு வந்தாள். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"தம்பி, பிரியந்தி கல்யாணத்துல நிரஞ்சன் வீட்டு வாசல்ல வச்சுத்தானே அம்புட்டுப் படமும் எடுத்தீங்க. அதுல வீடு விழுந்துருக்கும்ல? ஒண்ணு குடுத்தீங்கன்னா போதும். விசாரிச்சு எழுதுற மிஸ்ஸு வந்து கேப்பாங்களாம்."

"ஒண்ணு என்னாம்மா, எத்தன வேணும் சொல்லுங்க. கவலப்படாமப் போங்க, நாளைக்கே பெருசா அடிச்சு வைக்கிறேன்," என்றான் பிரதாப். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை, தான் எப்படி எடுத்தோம் என்பதே அந்த நேரம் மறந்துபோனது. தன் படம் ஒரு வீட்டையே வாங்கித் தரப்போகிறதல்லவா? "ஒங்க போன்லகூட இருக்குமேம்மா?"

"போன்ல எடுக்கறப்ப தேயிலப் பக்கமாத்தானே திரும்பி நிப்போம்," என்றாள் அவள்.

அவள் போனதும் கம்ப்யூட்டரைப் போட்டான். கொஞ்ச நேரம் மவுஸைச் சொடுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு வேகமாகக் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. "அண்ணே," என்று கூப்பிட்டான். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. போனேன்.

திரையில் பிரியந்தி நின்றாள். அடுத்ததிலும் நின்றாள். மாப்பிள்ளையோடு, அம்மாவோடு, நிரஞ்சனின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு. எல்லாவற்றிலும் முகம் நிலாவாட்டம் ஒளிர்ந்தது, பின்னால் கறுப்பு. அவன் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். கறுப்பு சேறாக மாறியது. சேற்றுக்குள் கதவும் இல்லை, குடமும் இல்லை. பிளாஷ் விட்டுவைத்த கொஞ்சத்தையும் பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவனே பூசி மெழுகியிருந்தான். மூலப்படங்களை இடம் போதவில்லை என்று அழித்துவிட்டிருந்தான். கமராவில் இருந்த கார்டில் அதற்குப்பிறகு எத்தனையோ கல்யாணம் ஏறி இறங்கிவிட்டது.

"ஒண்ணுல விழுந்துச்சுண்ணே," என்றான். "பிளாஷு அடிக்காத ஒண்ணுல. கதவு விழுந்துருந்துச்சு. குடம் விழுந்துருந்துச்சு. நாந்தான் அழிச்சேன்."

அவன் முகம் சிவந்து, காதெல்லாம் சிவந்திருந்தது. மற்றக் குடும்பங்களின் படங்களையும் திறந்தான். அந்த லயத்தில் அவன் எடுத்த அத்தனை சடங்கும் கல்யாணமும் பிறந்தநாளும் வரிசையாக வந்தன. ஒன்றிலும் லயம் இல்லை. ஆட்கள் எல்லோரும் எங்கோ இருட்டான ஒரு தேசத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது. அவனுக்கு மட்டுமல்ல, எனக்கும்தான். வேறு லயத்தில், நான் சொல்லி லயம் விழாமல் எடுத்த என் மகளின் பிறந்தநாள் படமும் அடுத்து வந்தது.

மறுநாள் அம்மாக்கண்ணு வந்தாள். உண்மையைச் சொல்லிவிடு என்று நான் முதல்நாளே சொல்லியிருந்தேன். தலையாட்டினான். ஆனால் அவள் ஆசையாக வந்து நின்றதும் அவனுக்கு நாக்கு புரண்டுவிட்டது.

"ஹார்ட் டிஸ்கு கெட்டுப் போச்சும்மா. எல்லாப் படமும் அதுலதான் இருந்துச்சு. ஒண்ணுமே தொறக்க மாட்டேங்குது."

"அய்யய்யோ, தம்பி!" என்று அவள் பதறியது எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. "எத்தன வருசத்துப் பொழப்பு அது! எல்லாமா போச்சு? சாப்புட்டீங்களா நீங்க? மொகமே வாடிப் போயிருக்கு."

நான் எழுந்துபோய்க் கத்தலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் முன்கண்ணாடியில் இருந்த பெரிய படத்தைப் பார்த்துவிட்டாள்.

"இந்தா, இது இருக்கே! இது டிஸ்குல இல்லியே, சட்டத்துலதானே இருக்கு. இதக் குடுங்க தம்பி, மிஸ்ஸுகிட்டக் காட்டிட்டு பத்திரமாக் கொண்டாந்து தர்றேன்."

"அதுல சரியாத் தெரியாதும்மா."

"பெருசாத்தானே இருக்கு? தெரியும்."

அந்தப் படத்தில் பிரியந்தியின் முதுகுக்குப் பின்னால் நீலக் கதவு இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தவள் கண்ணுக்கு இருட்டிலும் கதவு இருந்தது. அவள் கேட்டது கிடைத்த சந்தோஷத்தில் சட்டத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மழைத்தூறலில் போனாள். அவள் தலை மறைந்ததும் நான் பிரதாப்பை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டு வாங்குவது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது, அதனால் நிறுத்திவிட்டேன்.

விசாரணை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. போட்டோ கொப்பிகளைக் கொடுக்க நான் போயிருந்தேன். பிரதாப்பும் வந்தான், வராமல் இருந்திருக்கலாம், வந்தான். உத்தியோகத்தர் ஒரு சிங்களப் பெண்மணி. தமிழ் நன்றாகவே பேசினார், முகம் கொடுத்தும் பேசினார். அவரைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அம்மாக்கண்ணு சட்டத்தை மேசைமேல் நிமிர்த்தி வைத்தபோது, "ஆ, லஸ்ஸனாய்!" என்று அவர் வாய்விட்டே சொன்னார். அழகாக இருக்கிறதாம். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே பார்த்தார்.

"அம்மா, வீடு எங்க?"

"இந்தா மிஸ், மகளுக்குப் பின்னாடி." அம்மாக்கண்ணு கறுப்பில் விரலை வைத்தாள். "கதவு இந்தா இங்கன இருக்கு. அடுப்பு இங்கிட்டு."

"எனக்கு ஒண்ணும் தெரியல்லியே அம்மா."

அம்மாக்கண்ணு குனிந்து பார்த்தாள். அந்தப் படத்தை அவள் அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்த்தாள் என்று சொல்வேன். விரல் கறுப்பில் இங்கும் அங்கும் போனது. பின்னால் இருந்த ஜனம் எட்டிப் பார்த்தது. யாரோ ஒருவன் லேசாகச் சிரித்தான். நிரஞ்சன் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினான்.

"வேற படம் இல்லியா? அந்த நாளைக்கு எடுத்தது?"

"இருந்துச்சு மிஸ். தம்பியோட டிஸ்கு கெட்டுப் போச்சு. பாவம், அவருக்கும் பெரிய நட்டம்."

உத்தியோகத்தர் பேனாவை வைத்தார். "டிஸ்க்னா பரவாயில்ல. கொழும்புல குடுத்துச் சரிபண்ணலாம். நான் ஒங்க பைலை மூடாம வைக்கிறேன். படம் கெடைச்சதும் கொண்டுவாங்க, ரெண்டு குடும்பம்னே போடலாம்."

அம்மாக்கண்ணுவின் முகம் மலர்ந்தது. நிரஞ்சன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து பிரதாப்பின் கையைப் பிடித்து, "அண்ணே, கொழும்புக்கு நானே கொண்டுபோறேன். இன்னைக்கே குடுங்க," என்றான். அந்த லயத்து மற்றவர்களும், "எங்க படமும் அதுலதான் இருக்கு, சேத்து எடுத்துருங்க தம்பி," என்று சூழ்ந்துகொண்டார்கள். பிரதாப் சுவரோடு சாய்ந்து நின்றான். நிரஞ்சனின் கைக்குள் அவன் கை கிடந்தது.

"டிஸ்கு கெடல," என்றான்.

யாருக்கும் விளங்கவில்லை. அவன் மேசைக்குக் கிட்டே போனான்.

"மிஸ், டிஸ்கு நல்லாத்தான் இருக்கு. நான் பொய் சொன்னேன். எல்லாப் படமும் இருக்கு. எல்லாம் இந்த மாதிரித்தான் இருக்கு. லயத்த இருட்டாக்கி எடுத்தது நாந்தான். அதுக்குன்னே தேடிப்போயி பிளாஷு வாங்குனேன். வீடு அங்கன இருந்துச்சு மிஸ். நீலக் கதவு. அந்த அடுப்புல டீ வச்சுக் குடுத்தாங்க, நான் குடிச்சேன்."

"நீங்க டவுன் ஆள்தானே?" என்றார் உத்தியோகத்தர். கேலியாகக் கேட்கவில்லை, விசாரணைக்குத் தேவை என்றுதான் கேட்டார். "விறகு வைக்கிற கொட்டிலை வீடுன்னு நெனைச்சிருக்கலாம் இல்லியா?"

பிரதாப் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். பஜாரில் பாதி அங்கே நின்றது.

"வெறகுக் கொட்டிலுக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும் மிஸ். நான் டவுன் இல்ல. டயகமயில லயத்துல, இதே மாதிரி எறக்குன ஒரு அறையிலதான் பொறந்தேன்."

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். எழுதிக்கொள்ளவில்லை. சட்டத்தை இன்னொரு தரம் பார்த்தார். "மூக்குத்திகூட இவ்வளவு வடிவா எடுத்திருக்கிறீங்க," என்று மெதுவாகச் சொன்னார். "ஒரு கதவை எடுக்கலையே தம்பி." பிறகு பைலில் 'ஒரு குடும்பம்' என்று எழுதி, அம்மாக்கண்ணுவிடம் கையெழுத்து வாங்கினார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தோம். நிரஞ்சன் பிரதாப்பைத் தாண்டி, அவன் அங்கே இல்லாததுபோலப் போனான். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அம்மாக்கண்ணு படிக்கட்டில் சட்டத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரதாப் கிட்டே போய் நின்றான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள்தான் பேசினாள். முதல் தடவையாக அவனை நீ என்று பேசினாள்.

"படத்துக்கு ஒன்னையச் சொல்லி என்னா? லயம் விழக்கூடாதுன்னு கேட்டது நானு. எனக்குத்தான் வெக்கமா இருந்துச்சு. அத விடு."

அவள் சட்டத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"ஆனா டிஸ்கு போச்சுன்னியே தம்பி. வீடு போனப்பக்கூட நான் சாமிகிட்ட ஒண்ணும் கேக்கல. ஒன் டிஸ்கு நல்லாகணும்னு மாரியாத்தாவுக்கு மாவெளக்கு நேந்துக்கிட்டேன். டிஸ்கு நல்லாத்தான் இருக்குங்கற. இப்ப அந்த வெளக்க நான் போடணுமா, வேணாமா? நீயே சொல்லு."

அவள் நிஜமாகவே பதிலுக்காக அவன் முகத்தைப் பார்த்தாள். அவனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. படிக்கட்டில் அவளுக்குக் கீழே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.